காட்டுக்குப் போக எந்த மாதம்? ஓர் அச்சகக்காரரின் அனுபவக் கணக்கு

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 25 ஆண்டுகளாக அச்சகம் நடத்தி வருகிறேன். திருமணப் பத்திரிகைதான் எங்கள் பிழைப்பு என்பதால், முகூர்த்தம் இல்லாத ஆடி, புரட்டாசி, மார்கழி ஆகிய மூன்று மாதங்களில்தான் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு நான்கு நாள் வெளியூர் போக முடியும். ஓய்வு கிடைக்கும் மாதமே பயணத்துக்கு உகந்த மாதம் என்று நினைத்துக்கொண்டுதான் நானும் காடு பார்க்கக் கிளம்பினேன். கோயிலுக்கோ கடற்கரைக்கோ போவதற்கு அந்தக் கணக்கு சரியாகவே இருந்திருக்கிறது. காட்டு விஷயத்தில் அது தலைகீழ் என்பதை அறிந்துகொள்ளச் சில ஆண்டுகளும், சொல்லக் கூசும் அளவுக்குப் பணமும் செலவாயின.

முதல் பயணம் 2014 ஜூலை கடைசியில், முதுமலைக்கு. கடலூரில் அப்போது நல்ல வெயில். கெடிலம் ஆற்றில் மணல் தெரிந்தது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் காற்று கண்ணில் மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. மழையைப் பற்றி யாருக்கும் நினைப்பே இல்லை. தொப்பியும் குளிர்க்கண்ணாடியும் எடுத்து வைத்த என் மனைவி குடையை எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. சேலம், கோவை, மேட்டுப்பாளையம், உதகை என்று போய்க் கூடலூரை நெருங்கும்போது பிடித்த மழை, நாங்கள் தெப்பக்காட்டில் தங்கியிருந்த இரண்டு நாளும் முழுவதுமாக விடவே இல்லை. வனத்துறையின் சிற்றுந்தில் ஜன்னல் ஓரம் கிடைத்ததற்கு மகிழ்ந்த மகள், பத்து நிமிடத்தில் கண்ணாடியில் படிந்த ஆவியைக் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்துச் சலித்துப் போனாள். சாலையின் இருபுறமும் ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி சுவர்போல் எழும்பியிருந்தது. அந்தச் சுவரில் ஓரிடத்தில் புள்ளிமான் கூட்டம் ஒன்று எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நுழைந்தது. நனைந்த உடம்போடு கிளையில் ஒடுங்கியிருந்த கருங்குரங்கு ஒன்று எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பயணத்தில் கண்டது அவ்வளவுதான்.

இறங்கும்போது ஓட்டுநரிடம், "எங்க ஊர்ல ஒரு பொட்டு மழை இல்லையே அண்ணே, இங்க என்ன இப்படி?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "உங்க ஊர்ல ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்வீங்கல்ல சார், அந்தக் காத்து தண்ணியை எல்லாம் இங்க இறக்கி வெச்சிட்டு வெறுங்கையோடதான் உங்க ஊருக்கு வருது" என்றார். தென்மேற்குப் பருவக்காற்றைப் பற்றிப் பள்ளியில் படித்தது எதுவும் எனக்கு நினைவில் இல்லை. அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் இன்றுவரை நிற்கிறது.

கடலூர், புதுச்சேரிப் பகுதியில் வாழ்கிறவர்களின் மனத்தில் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். எங்கள் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் பலா, முந்திரித் தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனதும், 2015இல் ஊர் வெள்ளத்தில் மிதந்ததும் அந்தப் பருவத்தில்தான். ஆகவே மற்ற மாதங்களை எல்லாம் 'மழை இல்லாத மாதம்' என்று நாங்கள் ஒரே கட்டாகக் கட்டி வைத்துவிடுகிறோம். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கு முதன்மையான மழை ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்கிறது. முதுமலை போன்ற இடங்களுக்கு அதற்குப் பிறகு நம் பருவத்தின் மழையும் ஓரளவு கிடைக்கிறது. அதிலும் ஒரே முதுமலைக்குள் மேற்கு எல்லையில் பெய்யும் மழை, கிழக்கே மசினகுடிப் பக்கம் போகப்போகப் பாதிக்கும் கீழே குறைந்துவிடும். வேறு வழியின்றி ஆடியில்தான் போக வேண்டும் என்கிறவர்கள் கிழக்குப் பக்கம் தங்கினால் கொஞ்சம் நனையாமல் தப்பிக்கலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மழைக்காலத்தில் விலங்குகள் காட்டை விட்டு எங்கும் போய்விடுவதில்லை. வளர்ந்த யானைக்கு ஒரு நாளில் 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர் ஒவ்வொரு பள்ளத்திலும் தேங்கிக் கிடக்கும்போது அது ஆற்றங்கரைக்கு வந்து நம் கண்ணில் பட வேண்டிய தேவை இல்லை. புல் எங்கும் இருப்பதால் மானும் காட்டெருதும் ஒரே இடத்தில் கூடுவதில்லை. இவற்றின் மேல் இலையும் புதரும் திரை போட்டுவிடுகின்றன. கோடையில் தேக்கும் மற்ற மரங்களும் இலை உதிர்த்து, புதர் காய்ந்து, சிறு குட்டைகள் வற்றிய பிறகு, வற்றாத சில நீர்நிலைகளைத் தேடி எல்லா விலங்குகளும் வந்தாக வேண்டியிருக்கிறது. எந்த மாதம் போகலாம் என்று கேட்பதைவிட, அந்தக் காட்டில் இப்போது தண்ணீர் எங்கெங்கே நிற்கிறது என்று கேட்பதுதான் பயன் தருகிறது. இதற்காக ஆடிமாதக் காட்டை வீண் என்று சொல்லிவிட மாட்டேன். தோகை விரித்த மயிலைப் பார்க்க வேண்டுமென்றால் மழைக்கு முன்னும் மழையின்போதும்தான் போக வேண்டும். மழை முடிகிற சமயத்தில் ஆண் மயில் தோகையை உதிர்த்துவிடும். பச்சையைப் பார்ப்பதற்காகவே போகிறவர்களுக்கும் அதைவிட நல்ல மாதம் இல்லை. விலங்கைப் பார்ப்பதற்காகப் பணம் கட்டிப் போகிறவர்கள்தான் ஏமாந்து திரும்புவார்கள்.

அடுத்த பயணம் மார்கழியில், அதே முதுமலைக்கு. இம்முறை என் அத்தையும் வந்திருந்தார். காலைப் பனி விலக எட்டு மணிக்கு மேல் ஆனது. முதல் சஃபாரிச் சுற்றில் போனவர்கள் வெள்ளைத் திரையைத்தான் பார்த்தார்கள். நாங்கள் அடுத்த சுற்றில் போனோம். வெயில் விழுந்த ஒரு திறந்தவெளியில் காட்டெருதுக் கூட்டம் ஒன்று, வெள்ளைக் காலுறை போட்டாற்போன்ற கால்களோடு குளிர்காய்ந்துகொண்டு நின்றது. மாலையில் தெப்பக்காடு முகாமில் யானைகளுக்குக் கேழ்வரகுக் கவளம் ஊட்டுவதைப் பார்த்ததில் அத்தைக்கு அப்படியொரு நிறைவு. வயதானவர்களோடும் சிறு குழந்தைகளோடும் போகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த மாதத்தைத்தான். விலங்குகள் நடுத்தரமாகத் தெரியும். உடம்புக்கு எந்தத் தொல்லையும் இருக்காது.

கோடைதான் சரி என்று முடிவு கட்டிய பிறகு வந்த அடி வேறு வகையானது. 2019இல் மாசி மகத்துக்கான அறிவிப்புத் தாள்களை எல்லாம் அச்சடித்துக் கொடுத்துவிட்டு, மாசி முகூர்த்தங்களுக்கு நடுவே மூன்று நாளைத் திருடி, மார்ச் முதல் வாரத்துக்கு, முதுமலையை ஒட்டிய கர்நாடகத்தின் பந்திப்பூர் காட்டுப் பக்கம் ஒரு விடுதியில் முழுத்தொகையும் முன்கூட்டியே கட்டியிருந்தேன். பிப்ரவரி இறுதியில் பந்திப்பூரில் பெருந்தீ பரவியது. சஃபாரி நிறுத்தப்பட்டுவிட்டதாக விடுதியிலிருந்து தொலைபேசி வந்தது. அறை இருக்கிறது, வந்து தங்கிக்கொள்ளலாம், பணம் மட்டும் திரும்ப வராது என்றார்கள். காடு எரியும்போது அதன் ஓரத்தில் போய் உட்கார்ந்து என்ன செய்வது? போகவில்லை, பணமும் போயிற்று.

இலையுதிர் காடுகளில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தீ அபாயம் மிகுதி; விலங்குகள் நன்றாகக் கண்ணில் படத் தொடங்கும் காலமும் ஏறக்குறைய அதுவேதான். காய்ந்த சருகுதான் இரண்டுக்கும் காரணம். வறட்சி கடுமையாக உள்ள ஆண்டுகளில் முதுமலையிலும் இந்த மாதங்களில் சுற்றுலாவைச் சில நாள்களோ வாரங்களோ நிறுத்தி வைப்பதுண்டு. இந்த மாதங்களில் போகிறவர்கள், சஃபாரி நின்றால் பணம் திரும்புமா, தேதியையாவது மாற்றித் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாயால் சொன்ன உறுதி நெருப்பில் முதலில் எரிந்துவிடுகிறது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லலாம்: தீ பரவாமல் தடுப்பதற்காகச் சாலையோரப் புதரை வெட்டி எரித்துத் தீத்தடுப்புக் கோடுகள் அமைப்பார்கள், அந்த வேலை முடிந்த பிறகு போகிறவர்களுக்குச் சாலையிலிருந்து உள்ளே பார்க்கும் தொலைவு வெகுவாகக் கூடிவிடும்.

எனக்குக் காடு உண்மையாகவே கண் திறந்தது கர்நாடகத்தின் கபினி அணையில். 1974இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் நீர்ப்பரப்பு நாகரஹொளே, பந்திப்பூர் ஆகிய இரு காடுகளுக்கும் நடுவே கிடக்கிறது. தை, மாசியில் இருந்து நீர் இறங்க இறங்க, மூழ்கிக் கிடந்த ஏரித்தரை வெளியே வந்து, அதில் இளம்புல் முளைக்கிறது. சுற்றிலும் காடு காய்ந்து கிடக்கும்போது தண்ணீரும் பசும்புல்லும் ஒரே இடத்தில் கிடைப்பதால், யானைகள் கூட்டம் கூட்டமாக அங்கே இறங்கி வருகின்றன. ஏப்ரல் முதல் வாரத்தில், மாலை நான்கு மணிக்குப் படகில் போனபோது, கரையில் நான் எண்ணத் தொடங்கி அறுபதுக்கு மேல் விட்டுவிட்டேன். படகு நின்ற இடத்துக்கு மிக அருகில் ஒரு தாய் யானை குட்டியோடு மேய்ந்துகொண்டிருந்தது. புல்லைத் துதிக்கையால் சுற்றிக் காலால் உதைத்துப் பெயர்த்து, அந்தக் கொத்தை முன்னங்காலில் நாலைந்து முறை அடித்து மண்ணை உதறிய பிறகே வாயில் வைத்தது. குட்டியும் அப்படியே ஒரு கொத்தைப் பிடுங்கிக் காலில் அடித்துப் பார்த்து, புல் எல்லாம் சிதறிப் போக, தாயின் வாயருகே துதிக்கையை நீட்டியது. கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே ஓடி வந்ததற்கு அந்த அரை மணி நேரமே போதுமாக இருந்தது.

அந்த மயக்கத்தில் அடுத்த ஆண்டு தங்கையின் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டேன். பள்ளி விடுமுறை என்பதால் மே இரண்டாம் வாரம். வறட்சி கூடக்கூட யானைகள் கூடும், மே என்றால் ஏப்ரலைவிடக் கூட்டம் அதிகம் இருக்கும் என்று நானே உறுதி கொடுத்திருந்தேன். நாங்கள் போவதற்கு ஆறு நாள் முன்பு நல்ல கோடை மழை இரண்டு முறை பெய்திருந்தது. காட்டுக்குள் குட்டைகள் நிறைந்துவிட்டன, மொட்டையாக நின்ற மரங்களுக்கு அடியிலும் பசுமை தொற்றிக்கொண்டது, யானைகள் உள்ளே போய்விட்டன. கரையில் நான்கு யானைகளும் ஒரு காட்டுப்பன்றிக் கூட்டமும் இருந்தன. மைத்துனர் ஒன்றும் சொல்லவில்லை; அவர் ஒன்றும் சொல்லாததுதான் எனக்கு வலித்தது. ஏப்ரல், மே என்று மாதத்தின் பெயரைச் சொல்லித் திட்டமிடுவதில் உள்ள ஓட்டையை அன்றுதான் கண்டேன். கோடையில் மாதத்தைவிடக் கடைசி மழை பெய்து எத்தனை நாள் ஆயிற்று என்பதே முக்கியம். ஒரு மணி நேர மழை ஒரு வாரத்துக் காட்சியைக் கலைத்துவிடுகிறது. பிறகு பத்து நாள் சுட்டெரித்தால் எல்லாம் மீண்டும் கரைக்கு வந்துவிடுகின்றன. ஜூன் வந்துவிட்டால் அதுவும் இல்லை. கபினி ஆறு வயநாட்டில் பிறக்கிறது. அங்கே தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால், அணைப் பகுதியில் மேகம் இல்லாவிட்டாலும் நீர் ஏறி, புல்தரை மறுபடி மூழ்கத் தொடங்கும்.

புலி பார்க்க வேண்டும் என்ற ஆசையில் மகாராஷ்டிரத்தின் தடோபாவுக்குப் போனது ஒரு மே மாதத்தில். சென்னையிலிருந்து டெல்லி செல்லும் முதன்மை ரயில் பாதையிலேயே பல்லார்ஷாவில் இறங்கிக்கொள்ளலாம் என்பதால் எங்களுக்கு அது அவ்வளவு தொலைவாகத் தெரியவில்லை. தொலைவாகத் தெரிந்தது வெயில்தான். அக்னி நட்சத்திரத்தில் கடலூர் வெயிலைத் தாங்கியவனுக்கு இதென்ன என்று போனேன். எங்கள் ஊரில் பிற்பகலில் கடற்காற்று வந்து ஆற்றிவிடும், அங்கே பிற்பகலில் வருவது அனல் காற்று. மாலை மூன்று மணிக்குத் திறந்த ஜிப்சி வண்டியில் ஏறும்போது 44 டிகிரி. ஈரத்துண்டு பத்து நிமிடத்தில் காய்ந்தது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் என் நண்பர் இரண்டாம் நாள் அறையிலேயே இருந்துவிட்டார், அது நல்ல முடிவு.

ஆனால் அந்த வெயிலில்தான் புலி தண்ணீருக்கு வருகிறது. சூரிய ஒளியில் ஓடும் மோட்டார் வைத்து நிரப்பும் ஒரு சிறு தொட்டியருகே ஐம்பது நிமிடம் வண்டியை நிறுத்திக் காத்திருந்தோம். மூங்கில் புதரிலிருந்து வந்த பெண் புலி, தொட்டியின் ஓரத்தில் திரும்பி நின்றுகொண்டு, பின்னங்கால்களை முதலில் நீருக்குள் வைத்து, பின்னோக்கி நகர்ந்து இடுப்புவரை அமிழ்ந்து கண்ணை மூடிக்கொண்டது. முகத்தில் தண்ணீர் படாமல் உட்கார அதற்குத் தெரிந்த வழி அது. வண்டியில் ஒருவரும் பேசவில்லை. கரடி பார்க்க வேண்டும் என்கிறவர்கள் அங்கே மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ போவது மேல். இலுப்பைப் பூ உதிரும் காலம் அது, அதைத் தின்னக் கரடிகள் மரத்தடிக்கு வரும். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பது கரடிக்கும் தெரிந்திருக்கிறது. வெயிலும் மே அளவுக்கு இராது.

நடு இந்தியக் காடுகளுக்குப் போகிறவர்கள் மூடும் நாள்களை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். கன்ஹா, பாந்தவ்கர், பெஞ்ச் ஆகிய மத்தியப் பிரதேசக் காடுகளின் மையப்பகுதி ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை மூடியிருக்கும். புதன்கிழமை மாலைச் சுற்றும் கிடையாது. தடோபாவின் மையப்பகுதிக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. குஜராத்தின் கிர் காடு ஜூன் 16 முதல் அக்டோபர் 15 வரை மூடப்படும். அசாமின் காசிரங்காவுக்கு ஏறக்குறைய நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் போக முடியும். மழைக்காலத்தில் பிரம்மபுத்திரா உள்ளே வந்துவிடும். ஆக, என்னுடைய ஆடியும் புரட்டாசியின் முதல் பாதியும் வடக்கே அடைத்த கதவுதான். அக்டோபரில் திறந்தவுடன் போனால் புல் ஆள் உயரம் நிற்கும். மார்கழியில் போனால் கன்ஹாவின் விடியற்காலைக் குளிர் நம் ஊர்க்காரர்களுக்கு விளையாட்டல்ல, கம்பளி இல்லாமல் திறந்த வண்டியில் ஏறக்கூடாது.

கடலூர் நாட்காட்டி அப்படியே பொருந்துகிற இடம் நம் கடற்கரைதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிகளும் கழுவெளிகள் எனும் கடலோரச் சதுப்புகளும் நிறைந்த பிறகு, மார்கழி, தை மாதங்களில் பறவைகளைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. புதுச்சேரிக்கு அருகே ஊசுட்டேரி, மரக்காணம் பக்கம் கழுவெளி, சற்று வடக்கே வேடந்தாங்கல் என்று காலையில் கிளம்பி மாலையில் திரும்பிவிடலாம். இரண்டு நாள் கிடைத்தால் சிதம்பரம், நாகப்பட்டினம் வழியாகக் கோடியக்கரை. அங்கே வெளிமானும் காட்டுக் குதிரையும் புல்வெளியில் நிற்க, சதுப்பில் பூநாரைகளும் கிடைக்கும். மழை பொய்த்த ஆண்டில் மட்டும் இந்தக் கணக்கு தவறும். ஏரியில் தண்ணீர் இல்லையென்றால் பறவைகள் அங்கே தங்கிக் கூடு கட்டாது. காட்டில் தண்ணீர் குறையும்போது போக வேண்டும், ஏரிக்குத் தண்ணீர் நிறைந்தபோது போக வேண்டும் என்று என் மகள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

இப்போதெல்லாம் விடுதிக்குத் தொலைபேசியில் அழைத்தால் "விலங்கு தெரிகிறதா?" என்று நான் கேட்பதே இல்லை, தெரிகிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், சொல்லாவிட்டால் அறை போகாது. கடைசி மழை எப்போது, சாலையோரக் குட்டையில் தண்ணீர் நிற்கிறதா, உண்ணிச்செடி இலையோடு இருக்கிறதா, குச்சியாக நிற்கிறதா என்று கேட்கிறேன். இவற்றுக்கு யாரும் பொய் சொல்வதில்லை, ஏன் கேட்கிறேன் என்பதே பாதிப்பேருக்குப் புரிவதில்லை. வார இறுதியைத் தவிர்க்கிறேன். மூன்று சுற்றுகளுக்குக் குறைவாக முன்பதிவு செய்வதில்லை. ஒரே சுற்றை நம்பிப் போவது லாட்டரிச் சீட்டு வாங்குவதற்குச் சமம். கோடையில் மாலைச் சுற்றையும் குளிர்காலத்தில் பனி விலகிய பிறகு உள்ள காலைச் சுற்றையும் முதலில் பிடிக்கிறேன். நீலகிரி வழியாகப் போவதென்றால் 2024 மே முதல் இ-பாஸ் தேவைப்படுகிறது, அதையும் கிளம்புவதற்கு முன்பே எடுத்துக்கொள்கிறேன்.

இந்த ஆண்டு சித்திரையில் மீண்டும் கபினிக்குப் போவதாகத் திட்டம். முந்தாநாள் அங்குள்ள ஓட்டுநர் ஒருவரை அழைத்துக் குட்டை எப்படியிருக்கிறது என்று கேட்டேன். "நேத்து ராத்திரி ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துடுச்சு சார்" என்றார். பயணத்தைப் பன்னிரண்டு நாள் தள்ளிப் போட்டிருக்கிறேன். அந்த வாரத்தில் மூன்று முகூர்த்தப் பத்திரிகைகள் கொடுக்க வேண்டியிருக்கிறது. தம்பி முகத்தைச் சுளித்துக்கொண்டே தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான்.